மூன்றாம் மாடி மணிக்கயிறு

அப்துல் பாரியின் கையிலிருந்து போத்தல் நழுவியபோது அவர் ஒரு நகைச்சுவையின் நடுவில் இருந்தார். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "இதுல ஒரு சொட்டு போதும் ஷம்சு, ஈ மட்டுமில்ல, ஈயோட சம்பந்தி வீட்டுக்காரங்களும் சேர்ந்து மண்டையப் போட்டுடுவாங்க" என்றார். தான் சொன்னதற்குத் தானே முதல் ஆளாகச் சிரிப்பது அவர் வழக்கம். சிரித்தார். தோள் குலுங்கியது. கைப்பேசி சரிந்தது. அதைப் பிடிக்கப் போன கை போத்தலை விட்டுவிட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் பட்டுப் போத்தலின் கழுத்து முறிந்தது. தேநீர் நிறத்தில் கெட்டியான மருந்து அவர் கைலியின் மடியிலும் சமையலறைத் தரையிலும் கொட்டியது. மண்ணெண்ணெயில் அழுகின பூண்டை ஊறப்போட்டது மாதிரி ஒரு வாடை கிளம்பி, கூப்பிடாத விருந்தாளி போல அறை நடுவில் வந்து நின்றது.

"என்னப்பா சத்தம்?" என்றது தரையில் கிடந்த கைப்பேசி.

"சம்பந்தி வந்துட்டாரு. அப்புறம் பேசுறேன்" என்று அணைத்தார் பாரி.

ரங்கூன் லான்மடாவில் கொசுவத்தி, கொசுவலை, மருந்து அடிக்கிற டப்பா, சடசடவென்று பொறி பறக்கும் மின்மட்டை எல்லாம் விற்கிற சின்னக் கடை அவருடையது. 'கொசுக்கடை பாரி' என்றால் அந்தத் தெருவில் பர்மியர், சீனர், தமிழர் எல்லோருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் ஈ. மழைக்காலம் வந்தால் பின்சந்தின் குப்பையிலிருந்து கூட்டம் கூட்டமாக மூன்றாம் மாடிக்கு ஏறி வரும். இன்றைக்கு வீட்டில் மௌலூது, நபி புகழ் ஓதும் விருந்து. போன வருஷ மௌலூது அன்று, ஹஜ்ரத் ஓதிக்கொண்டிருந்தபோது அவர் வாய்க்குள்ளேயே ஒன்று போய்விட்டது. பாரி வீட்டு விருந்தில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கறி கிடைக்கும் என்று நண்பன் ஷம்சுதீன் ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கடை மருந்து எதற்கும் இந்த ஈக்கள் அசையவில்லை. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் மாதிரி தெம்பாகத் திரிந்தன. அதனால் நேற்று பஸ் பிடித்து ஊருக்கு வெளியே மாவ்பி வரைக்கும் போய், தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் பயிருக்கு அடிக்கிற மருந்தில் ஒரு போத்தல் வாங்கி வந்தார். "வயலுக்கு மட்டும்தான், ஊ பாரி. வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று அந்த மனிதர் பர்மியத்தில், மரியாதைக்கு 'ஊ' போட்டு, இரண்டு தடவை சொன்னார். பாரி இரண்டு தடவையும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

வயல் மருந்தை வாசல்படி ஏற்றுவதில்லை என்று மனைவி ஜைனபுக்கு அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். மகள் ஸமீரா குழந்தையாக இருந்தபோது செய்த சத்தியம். குழந்தை வளர்ந்துவிட்டது, சத்தியம் வளரவில்லை.

ஆகவே எல்லாம் அவசரமாக நடந்தது. தரையைத் துடைத்த துணி பின்சந்துக்குப் பறந்தது. உடைந்த போத்தலின் அடியில் பாதிக்கு மேல் மருந்து தப்பியிருந்தது. கொட்ட மனம் வரவில்லை. ஜன்னலோரம் காலியாகக் கிடந்த ஒரு பன்னீர் போத்தல் கண்ணில் பட்டது, ரோஜாப் படம் போட்டது. ஜைனப் எந்தப் போத்தலையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. கொஞ்சத்தைத் தெளிப்பானில் தண்ணீரோடு கலந்தார். பால் மாதிரி வெளுத்தது. மீதியை ரோஜாப் படத்துக்குள் ஊற்றி மூடி, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைத்தார். சமையலறையின் மூலை முடுக்கெல்லாம் தெளித்தார். கைலி தொடையில் ஒட்டிக்கொண்டு குளுகுளுவென்று இருந்தது. காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

அப்போது பால்கனியில் மணி அடித்தது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கயிறு உண்டு. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கும். மேல்முனையில் ஒரு மணி, கீழ்முனையில் ஒரு கவ்வி. செய்தித்தாள் போடுகிறவரும் காய்கறிக்காரியும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், சாமானைக் கவ்வியில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறுகிற வேலையை மனிதனுக்கு மிச்சப்படுத்த ரங்கூன் கண்டுபிடித்த வித்தை. இப்போது இழுத்தது அஸ்கர், ஜைனபின் தம்பி. கூடவே குடியிருக்கிறவன், கல்யாணம் வேண்டாம் என்றவன், பாரியின் நகைச்சுவைகளுக்கு நிரந்தரப் பலி. காய்கறிப் பையைக் கவ்வியில் மாட்டிவிட்டுக் கீழேயிருந்து கத்தினான். "மச்சான், இழுங்க! பையில உங்க புத்தியும் இருக்கு, பத்திரம்."

"அதான் கனமே இல்லை" என்று பாரி இழுத்தார்.

மேலே வந்த அஸ்கர் சமையலறை வழியாக நடந்து போனான். மூக்கைச் சுளிக்கவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவனுக்கு வாசனை என்பதே இல்லை; நாப்பி மீன்விழுது கருகினாலும் அத்தர் கொட்டினாலும் அவனுக்கு ஒன்றுதான். பாரிக்கு அது நிம்மதியாக இருந்தது.

*

நிம்மதி ஸமீரா எழுந்து வரும் வரைக்கும்தான்.

மகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரத்தம் சோதிக்கிறவள். தமிழ் புரியும், பேசவும் செய்வாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் பர்மிய 'நோ' ஒன்றைப் போட்டுத்தான் முடிப்பாள். அது கெஞ்சலா கட்டளையா என்று பெற்றவருக்கே சில நேரம் விளங்காது. அவள் சமையலறை ஜன்னல் விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, இது கடை மருந்தா?"

"பின்ன? சொந்தக் கடை இருக்க மாத்தான் கடைக்கா போவேன்?"

"கடை மருந்துக்கு இப்படி ஆடாது நோ."

பாரியும் குனிந்து பார்த்தார். விளிம்பு முழுக்க ஈக்கள் மல்லாந்து கிடந்தன. ஒன்றும் சாகவில்லை. கால்கள் ஆடின, அதை உதைப்பது என்று சொல்ல முடியாது, குளிர்காய்ச்சல்காரனின் பல் மாதிரி, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஒரு நடுக்கம். ஒன்று திடீரென்று சிறகடித்து முதுகாலேயே பம்பரமாகச் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. காதை நெருக்கினால் ஒரு ரீங்காரம், விளிம்பே மெல்ல முனகுவது போல.

"ஏன் சாக மாட்டேங்குது?"

"சாகும், மெதுவா." அவள் ஒரு குச்சியால் ஒன்றைப் புரட்டினாள்; அது மறுபடி மல்லாந்தது. "நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்பும் நோ. சுருங்குன்னு. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைச்சு எடுக்க ஒரு நொதி இருக்கு. துடைச்சாத்தான் தசை தளரும். இந்த மாதிரி மருந்து போய் அந்த நொதியோட கையக் கட்டிப் போட்டுடும். சேதி அங்கயே நிக்கும். சுருங்கு, சுருங்கு, சுருங்குன்னு." பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள். "நம்ம மணி மாதிரி. கீழேருந்து இழுக்குறாங்க, அடிக்குது. இழுத்த கைய விடணும்ல? விடவே இல்லன்னா?"

"உங்க மாமன் கீழ நிக்கிறான்னு அர்த்தம்."

அவள் சிரிக்கவில்லை. "கொசுவுக்கும் ஈக்கும் மட்டும் இல்ல, நமக்கும் அதே நொதிதான். மனுஷனுக்குன்னா முதல்ல கண்ணு..."

"மனுஷனுக்குன்னா முதல்ல பசி. டான்பாவ் பிரியாணி எடுத்துட்டு வரப் போறியா, இல்ல ஹஜ்ரத்துக்கு இந்த ஈயவே தாளிக்கவா?"

அவள் அவரையே பார்த்தாள். "உங்க மேல பட்டுச்சா? கைலி மாத்தினீங்களா?"

"மாத்தாம இருப்பேனா" என்றார் பாரி, மாற்றாத கைலியில் நின்றபடி. அவருடைய எல்லாக் கைலியும் நீலக் கட்டம்தான், கண்டுபிடிக்க முடியாது. பெருமையாகக்கூட இருந்தது.

அவள் போனாள். படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. பின்னால் ஜன்னல் விளிம்பு முனகிக்கொண்டே இருந்தது.

*

ராணுவக் கெடுபிடி நடக்கும் இந்த நாட்களில் இருட்டிய பிறகு யாரும் வெளியில் தங்குவதில்லை; அதனால் மௌலூதும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு என்று வைத்திருந்தார்கள். மதியம், வீடு கூட்டி வெள்ளை விரிப்பு விரித்த பிறகு, பாரிக்கு அந்தப் போத்தலின் நினைப்பு வந்தது. மகள் திரும்புவதற்குள் அதைக் கண்காணாமல் ஆக்கிவிட வேண்டும். சமையலறைக்குள் போய்ப் பலகையைப் பார்த்தார்.

பலகையில் மஞ்சள் டப்பா இருந்தது. மிளகு டப்பா இருந்தது. இரண்டுக்கும் நடுவில், தூசி படியாத வட்டமாக, ஒரு இடம் இருந்தது.

அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தார். தொட்டிக்கு அடியில் பார்த்தார். இல்லை.

ஜைனப் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டால் போதும். கேட்டால் சத்தியம் வெளியே வரும். அதனால் பாரி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டார்.

"இந்த வீட்டுல போத்தலுக்குக் கால் முளைச்சிருக்கா?"

"முளைச்சா முதல்ல உங்ககிட்ட இருந்துதான் ஓடும்" என்றாள் அவள், நிமிராமல்.

"இல்ல, ஒண்ணு வச்சிருந்தேன்..."

"உங்க வேலைய முடிச்சிட்டீங்கல்ல, ஸமீரா அத்தா? சொல்லாமலே, ஞாபகமா, முதல் தடவையா." இப்போது நிமிர்ந்தாள். சிரித்தாள். "போயி உக்காருங்க. மீதிய நாங்க பாத்துக்குறோம்."

என் வேலையா? எந்த வேலை? அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துவிட்டது இவளுக்கு. தரையில் வாடை இருக்கிறது, பின்சந்தில் துணி கிடக்கிறது, போத்தலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, விருந்தாளிகள் போன பிறகு என்னை உட்கார வைத்துத் தோலை உரிக்கப் போகிறாள். அதற்குத்தான் இந்த இனிப்பு. முப்பது வருஷத்தில் ஜைனப் இவ்வளவு இனிமையாகப் பேசியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அதற்கப்புறம் அவர் பால்கனியில் படுத்தார்.

அஸ்கரைத் தேடினார். கூடத்துக்கு வெளியே, மாடிப்படித் திருப்பத்தில் அவன் குந்தியிருந்தான். முன்னால் பெரிய பித்தளைக் கும்பா. முழங்கை வரை சட்டையைச் சுருட்டிச் சந்தனம் பிசைந்துகொண்டிருந்தான். வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் பூசுவதற்கு. வருஷா வருஷம் அவன் வேலை அது.

"மாப்ள, எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்னத்த மச்சான்? உங்க மானத்தையா? அது நான் வர்றதுக்கு முன்னாடியே இல்லையே."

"விளையாடாத."

"யாரு, நானா?" அஸ்கர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது, தாடையிலிருந்து சொட்டி மடியில் விழுந்தது. மழைக்காற்று படியேறி வந்துகொண்டிருந்தது, பாரிக்குக் கூடச் சில்லென்று இருந்தது. அஸ்கர் அவரைப் பார்த்து இடது கண்ணைச் சிமிட்டினான்.

சிமிட்டினான். மறுபடியும் சிமிட்டினான்.

ஆ. அப்படியா சங்கதி. போன ரமலானில் நான் இவன் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டதற்கு இன்றைக்குப் பழி. அக்காளும் தம்பியும் கூட்டு. பாரி விரலை ஆட்டி, "நடத்து, நடத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போதும் அந்த இமை துடித்துக்கொண்டே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். இவ்வளவு நேரமா ஒருத்தன் கண்ணடிப்பான்? அஸ்கர் எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவன்.

அவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எச்சில் ஊறி, அதை விழுங்கிவிட்டு, சிரித்துச் சமாளித்தான்.

*

அஸர் முடிந்த நேரம் பாரி கூடத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விளக்கு மங்கியது.

"மீ போச்சா?" என்றார். மின்சாரத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர், தமிழர் வாயிலும்.

"விசிறி ஓடுதே. கண்ணு தெரியலையா?" என்றாள் ஜைனப் திரைக்குப் பின்னாலிருந்து.

விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழல்விளக்கும் எரிந்தது. ஆனால் அதன் வெளிச்சம் குழலை விட்டு இறங்கி வரவில்லை. கூடத்து மூலைகளில் சாம்பல் மாதிரி ஏதோ சேர்ந்திருந்தது. பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது. அதற்கு வெளியே வானம் கரும்பச்சையாக இருந்தது. பெரிய மழை வரப் போகிறது என்று நினைத்தார். ஆனால் எதிர்வீட்டுக் கொடியில் ஒரு பெண் நிதானமாகத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கையால் கண்ணுக்கு நிழல் பிடித்தபடி.

வெயிலுக்கு நிழல் பிடிக்கிறாள்.

பாரி எச்சில் விழுங்கினார். உடனே மறுபடி ஊறியது. சாம்பிராணி வாடைக்கு அடியில் பூண்டு வாடை இருந்தது. அது சமையலறையிலிருந்து வருகிறதா, தன் மடியிலிருந்து வருகிறதா, காலையிலிருந்து மூக்கிலேயே குடியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொடைச் சதையில், ஈரம் காய்ந்த இடத்தில், தோலுக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கையை எடுத்ததும் ஊர்ந்தது.

மணி அடித்தது. முதல் விருந்தாளி.

அஸ்கர் கும்பாவோடு கீழே தெருவாசலில் நின்றான். ஆள் வந்ததும் சலாம் சொல்லி, கழுத்தின் இரு பக்கமும் சந்தனம் பூசி, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மேலே அனுப்புவான். மணி ஒரு தடவை அடித்தால் ஒரு ஆள். பாரி மேலே ஆயத்தமாக இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு நகைச்சுவையோடு. மாடிப்படியில் செருப்புச் சத்தம். மணி. இன்னொரு செருப்பு. மணி. வெள்ளைத் தொப்பிகள் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முளைத்து வந்து உட்கார்ந்தன. முகங்கள் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார். எல்லோர் கழுத்திலும் சந்தனம் ஈரமாக மினுங்கியது.

எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ஜைனப் இவர்களிடமும் சொல்லிவிட்டாளா?

மணி.

ஷம்சுதீன் வந்தான். பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, தன் கழுத்தைத் தடவி விரலை மோந்து பார்த்தான்.

"உன் வீட்டுல சந்தனம்கூடக் கொசு மருந்து வாடைதான் அடிக்குது பாரி. கடையவே கரைச்சு ஊத்திட்டியா?"

கூடமே சிரித்தது. பாரியின் வாய் தானாகத் திறந்தது. "ஹஜ்ரத் வாயில இந்த வருஷம் ஈ போகக் கூடாதுல்ல? முன்னேற்பாடு." இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஷம்சுதீன் அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

சிரிப்பு அடங்கும்போது ஒரு ஈ வந்தது. காலையிலிருந்து அவர் பார்க்கும் முதல் பறக்கும் ஈ. பால்கனி வழியாக நிதானமாக வந்து, ஷம்சுதீனின் கழுத்தில், சந்தனத்தில் உட்கார்ந்தது. முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. நின்றது. பிறகு வழுக்கி, வெள்ளை விரிப்பில் மல்லாந்து விழுந்தது.

முதுகாலேயே சுற்றியது. நின்றது. சுற்றியது.

மணி.

பாரி அந்த ஈயைப் பார்த்தார். ஷம்சுதீனின் கழுத்தைப் பார்த்தார். அவன் கழுத்துச் சதை, சந்தனத்துக்கு அடியில், மெல்ல நெளிந்தது. தன் தொடையில் நெளிந்ததே, அதே மாதிரி.

"என்னப்பா இருட்டுது?" என்றான் ஷம்சுதீன் கண்ணைக் கசக்கி. "மீ போச்சா?"

மணி.

மௌலூதுக்கு ஜைனப் இனிப்பு. ஸமீரா டான்பாவ். அஸ்கர் சந்தனம். பாரிக்கு என்று வருஷா வருஷம் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வேலை. சந்தனம் குழைக்கப் பன்னீர் வாங்கி வந்து, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைப்பது. வருஷா வருஷம் அதை மறந்து திட்டு வாங்குவார்.

இந்த வருஷமும் மறந்திருந்தார்.

மணி.

*

எழுந்தார். கால்கள் சொன்னதைக் கேட்கவில்லை, சொல்லாததைச் செய்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கினார்.

"ஜைனப்பு."

"வந்துட்டாரு. என்ன, டான்பாவ் எங்கேன்னா? ஸமீரா வந்துட்டிருக்கா, போன் பண்ணினா."

"நான் விளையாடல."

அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஏலக்காய்த் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"உங்க கண்ணு ஏன் இப்படி... கண்மணியே இல்லையே. ஊசி குத்தின மாதிரி..."

"பலகையில ஒரு போத்தல். ரோஜாப் படம் போட்டது. அது பன்னீர் இல்ல. நான் பன்னீர் வாங்கல, ஜைனப்பு. எங்க அது?"

அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பால்கனியில் மணி அடித்தது.

இந்த முறை நிற்கவில்லை.

ஒரு இழுப்புக்கு ஒரு அடி என்று அடித்த மணி, நாக்கு உதட்டில் ஒட்டிக்கொண்டது போல, விட்டுவிட்டு இல்லாமல், ஒரே நடுக்கமாக அடித்தது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "அஸ்கருக்கு இன்னைக்கு என்ன குஷி!" இன்னொருவர் பால்கனிப் பக்கம் திரும்பி, "போதும்டா!" என்று கத்தினார். கத்தினவர் இருமினார். இருமல் நிற்கவில்லை.

மணியும் நிற்கவில்லை.

பாரி விரிப்பின் நடுவாக நடந்தார். யார் மடியையோ மிதித்தார். ஷம்சுதீனின் கை அவர் காலைப் பிடித்தது. விளையாட்டாகப் பிடித்ததா, விட முடியாமல் பிடித்ததா தெரியவில்லை. உதறினார். பால்கனிக் கம்பி. கம்பிக்கு அப்பால் கயிறு. கயிறு விறைப்பாக நின்றது. வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது. தொட்டார். அதன் அதிர்வு விரலுக்குள் ஏறியது.

குனிந்து பார்த்தார்.

தெரு இருண்டு கிடந்தது. அந்த இருட்டில் ஐஸ்கிரீம் வண்டிக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனான். சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போல எல்லாம் தூரத்தில், கூர்மையாக, சின்னதாகத் தெரிந்தன. கயிற்றின் அடியில் ஒரு வெள்ளைத் தொப்பி. உயர்த்திய ஒரு கை, முழங்கை வரை சந்தனம். கயிற்றை முறுக்கிப் பிடித்த விரல்கள். உடம்பு அந்த ஒரு கையில் தொங்கியது. முழங்கால்கள் மடங்கி, குதிகால்கள் படிக்கல்லில் தடதடவென்று தாளம் போட்டன. கண்ணுக்குப் பிடிபடாத வேகம்.

பக்கத்தில் ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சாய்த்துக் காட்டியபடி நின்றார். சந்தனத்துக்குத் தன் முறை வரக் காத்திருந்தார். அஸ்கர் மச்சானைக் கூப்பிட ஏதோ வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து, மேலே பாரியைப் பார்த்துச் சிரித்தார். பொறுமை இழந்து, தானே குனிந்து, கும்பாவுக்குள் கையை விட்டார்.

"விடு!" என்று கத்தினார் பாரி. "அஸ்கரு, விடுடா! கைய விடு!"

தெருமுனையில் ஸமீரா திரும்பினாள், இரண்டு கையிலும் டான்பாவ் பானையோடு. மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். பானைகளை நடுத்தெருவிலேயே வைத்துவிட்டு மாமனை நோக்கி ஓடி வந்தாள். கைகளை நீட்டிக்கொண்டு. வெறுங்கைகளை.

பாரிக்குப் பின்னால் ஜைனப் வந்து நின்றாள். அவள் குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். முழுப் போத்தலும் ஊத்திட்டான். கட்டி கட்டியா இருக்குன்னு ரெண்டு கையாலயும் மதியத்துலேருந்து பிசைஞ்சுட்டே இருந்தான். முதல் பூச்சு எனக்குத்தான் பூசினான்."

முக்காட்டை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.